அம்மாவுக்கு மைக்ரோவேவ் வந்திருக்கு, உப்புவெளியில தனிய இருக்கிறா: என்ன கவனிக்க வேணும்?

உப்புவெளிப்பிள்ளை | திங்கள், இரவு 8:52

எல்லாருக்கும் வணக்கம். எங்கட அம்மாவுக்கு 71 வயசு. உப்புவெளியில கடற்கரைக்கு இறங்கிற ஒழுங்கையில தனிய இருக்கிறா. நான் வெள்ளவத்தையில வேலை, மாசத்தில ஒருக்காத்தான் வீட்டுக்கு வரக் கிடைக்கும். தம்பி போன கிழமை டோஹாவில இருந்து வந்தவன், அம்மாவுக்கெண்டு ஒரு மைக்ரோவேவ் கொண்டுவந்து குசினி மேசையில வச்சு, ரெண்டு பொத்தானை அமத்திக் காட்டிப்போட்டு மூண்டாம் நாள் திரும்பிப் போயிட்டான்.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அடுப்படியில நிண்டு பழைய கறி சூடாக்கிறதை விட இது அவவுக்கு நல்லம் எண்டுதான் நானும் நினைச்சன். ஆனா பக்கத்து வீட்டு மாமி வந்து பாத்திட்டு, “இதுக்குள்ள இருந்து கதிர் வரும், புற்றுநோய் வரும், யாருக்கும் குடுத்துவிடு” எண்டு சொல்லிப்போட்டா. அண்டைக்கு அம்மா அதுக்கு மேல பூப்போட்ட துணி விரிச்சு மூடினவ. இன்னும் திறக்கேல்ல.

நான் கேக்க வந்தது இதுதான். மாமி சொல்லுறது உண்மையோ? எங்கட குசினியில இருக்கிறது பழைய உருண்டைப் பின் சொக்கெற், தம்பி ஒரு அடப்ரர் போட்டுத்தான் கொழுவினவன், அது காணுமோ? அம்மா காலமை சமைச்ச சோத்தை இரவுக்கு இதில சூடாக்கலாமோ? நான் பக்கத்தில இல்லை எண்டதுதான் என்ர பயம். பட்டு அறிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


உவர்மலை_ரீச்சர் | திங்கள், இரவு 9:40

பிள்ளை, நான் விஞ்ஞானம் படிப்பிச்சு ஓய்வு பெற்ற ஆள். முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்லுறன், மற்றதுகளைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

கதிர் எண்ட சொல்லுத்தான் எல்லாரையும் குழப்பிறது. எக்ஸ்ரேயும் கதிர், வெயிலும் கதிர், வானொலி அலையும் கதிர். உடம்பின்ர கலத்துக்குள்ள போய் மரபணுவை உடைக்கிற அளவு சக்தி எக்ஸ்ரேக்கு இருக்கு. மைக்ரோவேவ் அலைக்கு அந்தச் சக்தி இல்லை. கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தை விடவும் அது சக்தி குறைஞ்ச அலை. அது செய்யிற வேலை, சாப்பாட்டில இருக்கிற தண்ணி மூலக்கூறுகளைச் செக்கனுக்கு 245 கோடி தரம் மாறி மாறித் துடிக்கிற மின்புலத்தால திருப்பித் திருப்பி ஆட்டுறது. அந்த ஆட்டத்தில சூடு பிறக்குது. பொத்தானை நிப்பாட்டின உடன அலையும் நிண்டுபோகும், லைற்றை நூத்தா வெளிச்சம் போற மாதிரி. சாப்பாட்டுக்குள்ள ஒண்டும் மிஞ்சி நிக்காது.

கதவுக் கண்ணாடியில புள்ளி புள்ளியா ஓட்டையுள்ள தகடு ஒண்டு இருக்குமே, அது அலங்காரத்துக்கு இல்லை. அந்த அலையின்ர நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். ஓட்டை ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர். வெளிச்சம் வெளியால வரும், அலை வராது. அப்பிடியும் இடுக்கால கசியிறதுக்கு ஒரு எல்லை வச்சிருக்கினம்: 5 சென்ரிமீற்றர் தூரத்தில அளந்தா ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல போகக் கூடாது. அரை மீற்றர் தள்ளி நிண்டா அதிலயும் நூறில ஒரு பங்களவாக் குறைஞ்சிடும். ஆனபடியால் கதவு நேராப் பூட்டுற, உடையாத அடுப்புக்கு மாமி பயப்பிடத் தேவையில்லை. கதவு வளைஞ்சால், இடுக்கில துரு பிடிச்சால் அது வேற கதை.

திருகோணமலை ஆக்களுக்கு இதில ஒரு உறவும் இருக்கு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் எங்கட துறைமுகத்தில குண்டு போட வந்தபோது முன்கூட்டிக் கண்டுபிடிச்சது ராடார். அந்த யுத்தத்தில ராடாருக்காக லட்சக்கணக்கில செய்த, மைக்ரோவேவ் அலையைப் பிறப்பிக்கிற மக்னெற்றோன் குழாயோட வேலை செய்த பேர்சி ஸ்பென்சர் எண்ட அமெரிக்கர், சட்டைப்பையில கிடந்த இனிப்புக் கட்டி உருகினதைக் கவனிச்சதில இருந்துதான் 1945 இல இந்த அடுப்பு பிறந்தது. அதே மக்னெற்றோன்தான் இண்டைக்கும் உங்கட அம்மாவின்ர மேசையில இருக்கு.


பாலையூற்று_வயரிங் | திங்கள், இரவு 10:15

அக்கா, ரீச்சர் சொன்னது சரி. எனக்குப் பயம் அந்த அடப்ரர்தான்.

அடுப்புக்குப் பின்னால ஒரு லேபல் ஒட்டியிருக்கும், பாருங்கோ. முன்னால 800 வாட் எண்டு பெருசா எழுதியிருந்தாலும் அது சாப்பாட்டுக்குப் போற சூடு. சுவரில இருந்து அது இழுக்கிறது 1200, 1300 வாட் வரும். எங்கட 230 வோல்றுக்குக் கணக்குப் பாத்தா அஞ்சரை அம்பியர். சின்ன உருண்டைப் பின் சொக்கெற் 5 அம்பியருக்குச் செய்தது. அதுவும் இருபது வருஷம் கடல்காத்து குடிச்ச சொக்கெற் எண்டா உள்ளுக்க இருக்கிற பித்தளை நாக்கு களிம்பு பிடிச்சு, பின்னை இறுக்கிப் பிடிக்காது. இறுக்கமில்லாத இடத்திலதான் சூடு ஏறும்.

அலஸ்தோட்டத்தில ஒரு வீட்டுக்குப் போனன். ரெண்டு கிழமையா மீன் நாத்தம் எண்டு குசினியைக் கழுவிக் கழுவிப் பாத்திருக்கினம், நாத்தம் போகேல்ல. கடற்கரை வீடு, மீன் நாத்தத்தை ஆர் பெருசா எடுக்கிறது? நான் போய் அடப்ரரைக் கழட்டினன். கையில சுட்டுது. நியூற்றல் பின் பழுப்பாகி, அந்த ஓட்டை உருகி நீள்வட்டமா இழுபட்டு, ஓரத்து வெள்ளைப் பிளாஸ்ரிக் பொரிச்ச பப்படம் மாதிரிக் கொப்புளிச்சுப் போய் இருந்தது. பிளாஸ்ரிக் வேகேக்க சில நேரம் மீன் மணம்தான் வரும். குசினியில காரணமில்லாமல் மீன் மணம் வந்தால் முதலில பிளக்கடியில மூக்கை வையுங்கோ.

ஏர்த்தும் முக்கியம். சில மலிவு அடப்ரரில மூண்டாவது பின் சும்மா பிளாஸ்ரிக்தான், உள்ளுக்க ஒண்டுக்கும் தொடுப்பில்லை. மைக்ரோவேவின்ர உடம்பு முழுக்கத் தகடு. ஏர்த் இல்லாமல் ஈரக்கையோட தொட்டா, உள்ளுக்க ஏதும் கசிஞ்சிருந்தா, அம்மா தனிய இருக்கிற நேரம் ஆர் நிப்பாட்டுறது?

மெயின் போட்டில இருந்து தனியா 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி இழுத்து, 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெற் ஒண்டு அடிச்சுக் குடுங்கோ. டோஹாச் சாமானுக்கும் அந்தச் சதுரப் பின்தான், அடப்ரரே வேண்டாம். அதே பொயின்ற்றில பிரிட்ஜையோ கேத்திலையோ கொழுவக் கூடாது. கரண்ட் கசிஞ்சால் தானா விழுற ட்ரிப் சுவிச் இருக்கோ எண்டும் பாத்து, அதில இருக்கிற ரெஸ்ற் பொத்தானை மாசத்தில ஒருக்கா அமத்திப் பாக்கச் சொல்லுங்கோ. அமத்தினா விழ வேணும். விழேல்ல எண்டா அது இருந்தும் இல்லாத மாதிரி.

அந்தப் பூப்போட்ட துணியையும் எடுக்கச் சொல்லுங்கோ. பக்கத்திலயும் மேலயும் இருக்கிற இடுக்குகளாலதான் அது மூச்சு விடும். பின்னுக்கு ஒரு சாண் இடம், மேல ஒரு முழம் வெறுமை விடுங்கோ.


ஸ்காபரோ_திருமலையான் | செவ்வாய், அதிகாலை 4:05

இதை ஒருவரும் சொல்லாதபடியால் எழுதுறன். கனடாவில இருந்து ஊருக்கு மைக்ரோவேவ் அனுப்பாதேங்கோ. நான் பெட்டியில போட்டுக் கப்பலில அனுப்பி ஏமாந்தனான். இஞ்ச 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அங்க 230, 50. நேராக் கொழுவினா அந்த நிமிசமே முடிஞ்சுது. வோல்றைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வாங்கிப் போட்டாலும் ஹேர்ட்ஸ் மாறாது. உள்ளுக்க இருக்கிற பெரிய சுருள் 60க்குச் செய்தது, 50இல ஓடேக்க ர்ர்ர் எண்டு உறுமிக்கொண்டு சூடேறும். என்ர பெரியம்மா ஒரு மாசம் பாவிச்சவ, பிறகு புகை. உப்புவெளி அம்மாவுக்கு வந்தது டோஹாவில இருந்து எண்டபடியால் அந்தக் கவலை இல்லை. காசை அனுப்பி அங்கயே உத்தரவாதத்தோட வாங்கச் சொல்லுறதுதான் நல்லம்.


தம்பலகாமம்_வயல்வழி | செவ்வாய், காலை 7:20

எல்லாரும் இவ்வளவு சுலபமாச் சொல்லுறது எனக்கு மனசுக்கு ஒப்பேல்ல. அடுப்பில மெல்ல ஏறுற சூடு வேற, இது வேற. சத்தெல்லாம் போயிடும் எண்டு வாசிச்சிருக்கிறன். இன்னொண்டு, நான் என்ர போனை ஒரு வீட்டு மைக்ரோவேவுக்குள்ள வச்சுக் கதவைப் பூட்டிப்போட்டு மற்றப் போனால அடிச்சன். மணி அடிச்சது! அலை உள்ளுக்க போகுமெண்டா வெளியாலயும் வரும்தானே? எங்கட அம்மா இண்டைக்கும் மண்சட்டியில விறகு வச்சுத்தான் சமைக்கிறா, 83 வயசு.


உவர்மலை_ரீச்சர் | செவ்வாய், காலை 8:30

தம்பி, நல்ல கேள்வி, பலரும் செய்து பாத்துப் பயப்பிடுற சோதனை இது. போன் கோபுரம் கிலோமீற்றர் கணக்கில தூரத்தில இருந்து அனுப்புற, லட்சத்தில கோடியில ஒரு பங்காக் குறைஞ்ச அலையையும் உங்கட போன் பிடிச்சு மணி அடிக்கும், அதுக்காகத்தான் அதைச் செய்திருக்கு. மைக்ரோவேவின்ர பெட்டி அலையைப் பல ஆயிரம் மடங்கு குறைச்சாலும் போனுக்கு அந்த மிச்சம் காணும். அதோட போன் பாவிக்கிற அலைவரிசையும் வேற. அதால மணி அடிச்சது எண்டதை வச்சு அடுப்பு கெட்டது எண்டும் சொல்லேலாது, அடிக்கேல்ல எண்டதை வச்சு நல்லது எண்டும் சொல்லேலாது. போனை உள்ள வச்சபடி மறந்துபோய்ப் பொத்தானை அமத்தினா பற்றரி வெடிக்கும், அந்தச் சோதனையை இனிச் செய்யாதேங்கோ.

சத்து விஷயம்: கீரையில, மரக்கறியில இருக்கிற விற்றமின் சீ தண்ணியில கரைஞ்சும், நெடுநேரச் சூட்டிலயும்தான் போகும். நிறையத் தண்ணியில அவிச்சு வடிச்சு ஊத்தினா கூடப் போகும். கொஞ்சத் தண்ணி தெளிச்சு ரெண்டு நிமிசத்தில எடுத்தா குறையப் போகும். அது மைக்ரோவேவோ அடுப்போ எண்டதில இல்லை, நேரத்திலயும் தண்ணியிலயும்தான் இருக்கு. உங்கட அம்மாவின்ர மண்சட்டிக் குழம்பின்ர ருசி இதில வராது, அதை நான் முழுசா ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா நீங்கள் சொன்ன “மெல்ல ஏறுற சூடு” எண்டதில ஒரு பெரிய உண்மை இருக்கு. அடுப்புச் சட்டியில கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டிருப்பம், சூடு எங்கும் பரவும். மைக்ரோவேவில அலை சில இடத்தில குவியும், சில இடத்தில விடும். அதுவும் வெளியில இருந்து ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர்தான் நேராப் போகும், அதுக்கு உள்ள சூடு தானா ஊர வேணும். கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கத்துப் பக்கத்தில கிடக்கு, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு. ஒரு கோப்பைக் கறியும் அப்பிடித்தான்: ஓரத்தில கொதிக்கும், நடுவில பிரிட்ஜ்க் குளிர் அப்பிடியே இருக்கும். தட்டுச் சுத்துறதும் அதுக்காகத்தான், ஆனா அது மட்டும் காணாது. பாதி நேரத்தில நிப்பாட்டி, அடிவரைக்கும் கிளறி, திரும்ப வச்சு, முடிஞ்ச பிறகும் மூடினபடி ரெண்டு நிமிசம் விட வேணும். சோத்தையோ கறியையோ பீங்கான் நிறையக் குவிக்காமல், நடுவில குழி விட்டு வளையம் மாதிரிப் பரப்பி வச்சா இன்னும் நல்லாச் சூடேறும்.


கிண்ணியா_ராத்தா | செவ்வாய், காலை 10:10

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். ரீச்சர் சொன்ன அந்தச் சூடு விஷயத்தை நான் என்ட பிள்ளையோட பட்டு அறிஞ்சன். மகளுக்கு அப்ப அஞ்சு மாசம். பால் போத்தலை மைக்ரோவேவில வச்சு எடுத்தன். போத்தலைக் கன்னத்தில வச்சுப் பாத்தா இளஞ்சூடு. உம்மா பக்கத்தில இருந்தவங்க, “நில்லு புள்ள” எண்டு சொல்லி வாங்கி, குலுக்கிக் கைமணிக்கட்டில ரெண்டு சொட்டு விட்டாங்க. “ஸ்” எண்டு கையை இழுத்த இழுப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. போத்தல் வெளியில சும்மா இருக்கும், பால் நடுவில கொதிச்சிருக்கும். அண்டையில இருந்து சுடுதண்ணிக் கிண்ணத்துக்குள்ள போத்தலை வச்சுத்தான் சூடாக்கிறன். குழந்தைப்பால் மைக்ரோவேவுக்கு வேணவே வேணாம், தாய்ப்பாலும்தான்.

ஏனம் பாக்கிற விஷயத்தில என்ட அனுபவம்: ஐஸ்கிறீம் டப்பா, மாஜரின் டப்பா, யோகட் கப் எல்லாம் கழுவி எடுத்து வச்சிருப்பம், நம்மட ஊர்ல எந்த வீட்டிலயும் இருக்கும். அதுகள் குளிர்ச் சாமானுக்குச் செஞ்சது, எண்ணெய்க் கறி பட்டா வளைஞ்சு உருகும். டப்பாவுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 5 எண்டு இருந்து, அதோட மைக்ரோவேவுக்கு ஆகும் எண்டு அலை அலையாக் குறியும் போட்டிருந்தாத்தான் நான் வைப்பன். மெலமைன் பீங்கான் வேணாம், அது தானே சூடேறிக் கெடும். கடைச் சோத்துப் பார்சலை லஞ்ச் ஷீற்றோட வைக்கவே கூடா. லஞ்ச் ஷீற்றையும் ரெஜிபோம் பெட்டியையும் 2017 செப்டம்பர்ல அரசாங்கம் தடை செஞ்சது, ஆனாலும் இன்னும் கையில வருது. ஒருக்கா புரியாணிப் பார்சல் பையில அடிச்சிருந்த ஸ்ரேப்ளர் பின்னைக் காணாம வச்சிட்டன், நீல மின்னல் மாதிரி வெட்டிச்சு. கல்யாணத்துக்கு வந்த தங்கக்கோட்டுப் பீங்கானும் அப்படித்தான், அந்தக் கோடு முழுக்க உலோகம். கண்ணாடிக் கிண்ணம் ஒண்டு, கோடில்லாத வெள்ளைப் பீங்கான் ரெண்டு வாங்கிக் குடுங்க தங்கச்சி, மத்ததெல்லாம் அந்த மேசைக்குக் கிட்ட வராம வைங்க.


இரவு_டியூட்டி_மிஸி | செவ்வாய், பிற்பகல் 3:45

நான் தாதியா வேலை செய்யிறன். வீட்டில நடந்ததை முதலில சொல்லுறன்.

என்ர மகனுக்கு 14 வயசு. பின்னேரம் பள்ளிக்கூடத்தால வந்து, மத்தியான முட்டைக் குழம்பில இருந்து ஒரு அவிச்ச முட்டையை மட்டும் எடுத்துப் பீங்கானில வச்சு ஒரு நிமிசம் சூடாக்கினவன். உள்ளுக்க ஒண்டும் நடக்கேல்ல. எடுத்துக் கடிச்சவன். வாய்க்குள்ள வெடிச்சது. மஞ்சள் கரு உதட்டிலயும் அண்ணத்திலயும் ஒட்டிக்கொண்டுது, துப்பவும் ஏலாமல் பிள்ளை துள்ளினான். ரெண்டு கிழமை கஞ்சியும் தயிரும்தான். கோதோட முட்டை வெடிக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும், கோது உரிச்ச முட்டையும் வெடிக்கும் எண்டதைக் கனபேர் நினைக்கிறேல்ல. முட்டையைப் பாதியா வெட்டாமல் வைக்கவே வேண்டாம். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், ஈரல், தோலோட இருக்கிற எதையும் முள்ளுக்கரண்டியால நாலு குத்துக் குத்திப்போட்டு வையுங்கோ. கொழுக்கட்டையும் கவனம், வெளி மா இளஞ்சூடா இருக்கேக்க உள்ள சக்கரைப்பாகு நாக்கைப் பொசுக்கும்.

ரெண்டாவது, தண்ணி. பிளேன்ரி போட ஒரு கிளாசில தண்ணி வச்சு நாலு அஞ்சு நிமிசம் விடுவினம். புது, வழுவழுப்பான கிளாஸ் எண்டா தண்ணி கொதிநிலையைத் தாண்டியும் குமிழ் விடாமல் அசையாமல் நிக்கும். எடுத்துத் தேயிலைப்பையையோ சீனியையோ போட்ட உடன முழுத் தண்ணியும் ஒரேயடியா எழும்பி முகத்தில அடிக்கும். ரெண்டு நிமிசத்துக்கு மேல தண்ணி வைக்காதேங்கோ, ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கோ, நிண்ட பிறகு அரை நிமிசம் விட்டு எடுங்கோ. உண்மையைச் சொன்னா, உங்கட அம்மா தண்ணிக்குக் கேத்தில் பாவிக்கட்டும், இதில வேண்டாம்.

மூண்டாவது ஆவி. மூடின கிண்ணத்தைத் திறக்கேக்க முகத்துக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தைத்தான் முதல் தூக்க வேணும். அடுப்பைத் தோள் உயரத்துக்கு மேல ஒருக்காலும் வைக்காதேங்கோ. வயசான ஆக்கள் கொதிக்கிற சொதியைத் தலைக்கு மேல இருந்து இறக்கிறது எனக்கு நினைக்கவே ஏலாது.

சுட்டால் உடன வளையல், மோதிரத்தைக் கழட்டி, குழாய்த் தண்ணியை மெல்ல ஓடவிட்டு 20 நிமிசம் பிடிக்க வேணும். 20 நிமிசம் எண்டா கடிகாரம் பாத்து. பற்பசை, வெண்ணெய், மை, ஐஸ் ஒண்டும் வேண்டாம். முகம், வாய், கண் எண்டால், கை அகலத்துக்குக் கொப்புளம் எண்டால், காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. அந்த இலக்கத்தைச் சுவரில பெருசா எழுதி ஒட்டுங்கோ.

காலமைச் சோறு பற்றிக் கேட்டனீங்கள். இதுக்குத்தான் நான் கூடப் பயப்பிடுறன். சோத்தில பசிலஸ் சீரியஸ் எண்ட கிருமியின்ர வித்து சமைச்ச பிறகும் சாகாமல் இருக்கும். திருகோணமலை வெக்கையில காலமை ஆறு மணிச் சோறு இரவு ஏழு மட்டும் பானையில கிடந்தா அது முளைச்சுப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. மைக்ரோவேவில ஆவி பறக்கச் சூடாக்கினாலும் சத்தி எடுக்கப் பண்ணும். சமைச்சு ஒரு மணித்தியாலம், கூடினா ரெண்டுக்குள்ள தட்டில பரப்பி ஆறவச்சு, இரவுக்குரியதைப் பிரிட்ஜில வைக்கச் சொல்லுங்கோ. இரவு ஒருக்காத்தான் சூடாக்க வேணும், மிஞ்சினதைத் திரும்ப வைக்க வேண்டாம்.


தம்பலகாமம்_வயல்வழி | செவ்வாய், பின்னேரம் 5:30

ரீச்சரின்ர பதிலுக்கு நன்றி, போன் விஷயம் விளங்கிச்சு. ஆனா மிஸி, நாங்கள் பழஞ்சோறு சாப்பிட்டு வளந்த ஆக்கள். இரவுச் சோறு காலமையில எங்களை ஒண்டும் செய்யேல்லையே?


இரவு_டியூட்டி_மிஸி | செவ்வாய், பின்னேரம் 6:05

அண்ணை, பழஞ்சோத்துக்குத் தண்ணி ஊத்தி மூடுறம், அது புளிக்குது, புளிப்பில கன கிருமி வளரேலாது. நான் சொல்லுறது தண்ணி ஊத்தாமல், மூடின பானைக்குள்ள வெதுவெதுப்பாப் பகல் முழுக்கக் கிடக்கிற சோத்தை. தேங்காய்ப்பால் விட்ட கறியும் அதே மாதிரித்தான் கெதியாப் போகும். வயசான ஆளுக்கு ஒரு நாள் சத்தியும் வயித்தோட்டமும் எண்டா தண்ணிச்சத்து போய் மயங்கி விழுவினம். தனிய இருக்கிற அம்மா எண்டபடியால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன்.


பாலையூற்று_வயரிங் | செவ்வாய், இரவு 9:00

இன்னும் ரெண்டு மூண்டு விஷயம், விட்டா நித்திரை வராது.

ஆர் என்ன சொன்னாலும் வெளி மூடியைக் கழட்ட விடாதேங்கோ. பிளக்கைக் கழட்டினாப் பிறகும் உள்ளுக்க இருக்கிற கப்பாசிற்றர் ஆயிரக்கணக்கான வோல்றைப் பிடிச்சு வச்சிருக்கும். மக்னெற்றோனுக்குப் போறது ஏறக்குறைய 4000 வோல்ற். சுவர்க் கரண்ட் அடிச்சாத் தப்பினவை இருக்கினம், இது அப்பிடி விடாது. ரேடியோ, பேன் திருத்தத் தெரிஞ்ச பெடியனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். இதையே வேலையாச் செய்யிற ஆள்தான் தொட வேணும்.

உப்புவெளி எண்டபடியால் துரு. மாரி காலத்தில கடல்காத்து ஈரத்தோட வரும். பாவிச்ச பிறகு உள்ளுக்க ஆவித் தண்ணி நிக்கும், அதைத் துணியால துடைச்சு, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து விட வேணும். உள் பெயின்ற் கொப்புளிச்சு எழும்பி, கீழ தகடு அரிச்சு ஓட்டை விழுந்திருந்தா அதோட அந்த அடுப்பு சரி, பெயின்ற் அடிச்சு ஓட்டேலாது. உள்ளுக்க வலப்பக்கச் சுவரில மட்டை மாதிரிச் சின்னத் தகடு ஒண்டு இருக்கும், மைக்கா. கனபேர் அழுக்கு எண்டு பிடுங்கி எறிஞ்சிருக்கினம். அதில கறி தெறிச்சுக் காஞ்சு கருகினாத்தான் பொறி பறக்கத் தொடங்கும். தேசிக்காய்ப் பாதி ரெண்டை வெட்டித் தண்ணிக் கிண்ணத்தில போட்டு ரெண்டு நிமிசம் விட்டு, பூட்டினபடி கொஞ்ச நேரம் வச்சிட்டுத் துடைச்சா எல்லாம் கழண்டு வரும். கம்பித் தும்பு பாவிக்கக் கூடாது.

ஒண்டும் வைக்காமல் ஓட விடவும் கூடாது. அலைக்கு உறிஞ்ச ஒண்டும் இல்லாட்டி அது மக்னெற்றோனுக்கே திரும்பி வரும். அம்மா கைதவறிப் பொத்தானை அமத்துவா எண்டால் ஒரு கப் தண்ணியை எப்பவும் உள்ளுக்க வச்சிருக்கச் சொல்லுங்கோ.

நெருப்புப் பிடிச்சால், கறிவேப்பிலை காயவைக்கிறன், கச்சான் வறுக்கிறன் எண்டு வச்சாத்தான் அனேகமாப் பிடிக்கிறது, கதவைத் திறக்கவே வேண்டாம். சுவர் சுவிச்சை நிப்பாட்டிப் பூட்டினபடி விட்டா காத்தில்லாமல் தானா அணையும். திறந்தால் காத்துப் பட்டு முகத்துக்கு வரும். அதுக்காகத்தான் சுவிச் அடுப்புக்குப் பின்னால இல்லாமல் பக்கத்தில இருக்க வேணும் எண்டு நான் அடம்பிடிக்கிறது.


உப்புவெளிப்பிள்ளை | ஞாயிறு, இரவு 7:30

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. வெள்ளி இரவு பஸ்ஸில வந்திட்டன். வந்த உடன அடப்ரரைக் கழட்டினன். பாலையூற்றுத் தம்பி சொன்னது போல ஒரு பின்னடியில பழுப்பு நிறம் தொடங்கியிருந்தது. என்ர தம்பி காட்டின அண்டைக்கு ரெண்டே ரெண்டு தரம்தான் ஓடியிருக்கு. பாத்த உடன எனக்குக் கை நடுங்கினது. இப்ப பிளக் கழட்டித்தான் இருக்கு.

மாமியையும் கூப்பிட்டு இருத்தி, ரீச்சர் எழுதினதை வாசிச்சுக் காட்டினன். மாமி உடன ஒத்துக்கொள்ளேல்ல. ஆனா 1942 குண்டு போட்ட கதையைத் தன்ர அப்பா சொல்லுறவர் எண்டு தொடங்கி, அடுப்பை விட்டிட்டு அதைத்தான் ஒரு மணித்தியாலம் கதைச்சவ.

அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்கக் கஸ்ரம். 30 செக்கன் பொத்தானில சிவப்பு நகப்பூச்சால ஒரு பொட்டு வச்சன், நிப்பாட்டிற பொத்தானில கறுப்புப் பொட்டு. “சிவப்பு ரெண்டு தரம், கிளறு, சிவப்பு ரெண்டு தரம், பொறு” எண்டு அவவே பாட்டு மாதிரிச் சொல்லிப் பாக்கிறா. டப்பாக்களை எல்லாம் மேல் தட்டில இருந்து இறக்கிப் பின்வீட்டுப் பூக்கன்றுகளுக்குக் குடுத்தாச்சு. ரெண்டு கண்ணாடிக் கிண்ணம் வாங்கியிருக்கு. 1990 சுவரில இருக்கு. சோறு இனிக் காலமை எட்டு மணிக்குள்ள பிரிட்ஜுக்குப் போகும் எண்டு அம்மா வாக்குத் தந்திருக்கிறா, நான் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குப் போன் எடுப்பன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. கிண்ணியாத் தயிர் வாற மண்சட்டியில கறியை வச்சுச் சூடாக்கலாமோ எண்டு அம்மா கேக்கிறா.


கிண்ணியா_ராத்தா | ஞாயிறு, இரவு 8:02

வேணாம் தங்கச்சி. மண்சட்டி தண்ணி குடிச்சிருக்கும், அந்தத் தண்ணி சுவருக்குள்ளயே கொதிச்சு வெடிப்பு விடும், கறியை விடச் சட்டிதான் கூடச் சுடும். தயிரை அப்படியே சாப்பிடச் சொல்லுங்க, சட்டியில பூக்கன்று வைக்கச் சொல்லுங்க.


பாலையூற்று_வயரிங் | ஞாயிறு, இரவு 8:20

அக்கா, நான் சனி காலமை எட்டு மணிக்கு வாறன். போட்டைத் திறந்து பாத்துத்தான் கம்பி எவ்வளவு வேணுமெண்டு சொல்லலாம், நீங்கள் முன்னமே ஒண்டும் வாங்க வேண்டாம். ரெண்டு மணித்தியாலம் மெயின் நிப்பாட்டுவன், அதுக்குள்ள பிரிட்ஜைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு எந்தக் கை பழக்கம்? சுவிச்சை அந்தப் பக்கம் வைக்கிறன்.


உப்புவெளிப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8:24

இடக்கை, தம்பி.